ஜோதிடருக்கு ஒரு சதவீதம்

1. என் ஆராய்ச்சி

திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால்தான் நான் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டில் காரைக்கால்காரர்கள் எல்லோரும் ஜோதிடரையே மந்திரியாக வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் இரண்டு மாதம் நம்பினேன். சும்மா நம்பவில்லை. நோட்டில் ஒரு பக்கத்துக்கு எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன். சனீஸ்வரன் கோயிலிலிருந்து விலக விலக ஜோதிடர் மீதுள்ள நம்பிக்கை குறையும் என்றும், இதே விளையாட்டைத் தஞ்சாவூரில் ஆடவிட்டால் முடிவு வேறாக வரும் என்றும் அதில் இருக்கிறது. படித்துப் பார்க்க இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைதான் இல்லை.

இன்று கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதும் பிள்ளைகள் 'பேலன்ஸ்' என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். ராஜாவுக்கு யோசனை சொல்லும் மந்திரிகளில் ஒருவர் மட்டும் பலசாலியாகவும் மற்றவர்கள் பொம்மையாகவும் இருந்தால் ஆட்டம் கெட்டுப்போகும். எல்லோருடைய போனஸையும் சரிக்கட்ட வேண்டும். எண்பதுகளின் பின்பாதியில் அந்த வேலையை, பெயர் தெரியாமலே, நான் ஒரு வாரம் செய்தேன். அந்த வாரத்தில் எனக்கு இரண்டு கிலோ குறைந்தது.

2. இயந்திரம்

முதலாளியை முசியே என்றுதான் ஊரே கூப்பிடும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பாரிஸில். மகளைப் பார்க்கப் போனவர் திரும்பும்போது இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். டி.வி.யில் மாட்டினால் எழுத்து வரும். புரோகிராமை டேப் ரிக்கார்டர் கேசட்டில் பதிய வேண்டும். ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியை வாடகைக்கு எடுத்து 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று போர்டு வைத்தார். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் வாத்தியார். எனக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. மாணவர்களைவிட இரண்டு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

கையேடு முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. மாதா கோயில் பூசையில் பைபிள் நிருபம் வாசிப்பதுபோல முசியே நின்றுகொண்டு வாசிப்பார். நான் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். விசைப்பலகையும் பிரெஞ்சு. நம் தட்டச்சில் Q இருக்கும் இடத்தில் அதில் A இருக்கும். கீழே தட்டச்சுப் பள்ளி நடத்திய பிலோமினா டீச்சர் முதல் நாள் மேலே வந்து, விசையைப் பார்க்காமல் தன் பெயரையும் ஊரையும் அடித்துவிட்டு, திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, உங்க மிசினுக்குப் பல்லு எடம் மாறி மொளச்சிருக்கு?"

"பிரான்சுல அப்படித்தான் டீச்சர்."

"பிரான்சுல இருவது வருசம் இருந்துட்டு வந்தா யாருக்கும் அப்படித்தான் ஆவும்" என்று முசியே இருந்த பக்கம் பார்க்காமலே சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இந்தப் பல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3. ராஜ்யம்

சேர்ந்தவர்கள் பதினொரு பேர். ஆள் சேர்க்க ஒரு விளையாட்டு எழுதினேன். பெயர் 'ராஜ்யம்'. நீங்கள் ஒரு ஆற்றுச் சமவெளியின் ராஜா. வடக்கே ஒரு பகை நாடு, மேற்கே ஒரு சந்தேக நாடு. பத்து வருஷம் ஆள வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு நிலத்தில் நாற்று நடுவது, எத்தனை பேரை ஆற்றங்கரை பலப்படுத்த அனுப்புவது, எத்தனை பேரைப் படையில் சேர்ப்பது என்று எண்களைக் கொடுக்க வேண்டும். மழையை இயந்திரமே குலுக்கிப் போட்டுக்கொள்ளும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு மந்திரியை நியமிக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நீர் மந்திரி வைத்தால் கரை வலுவும் விளைச்சலும் இரண்டு சதவீதம் கூடும். தளபதிக்கு, படை பலம் மூன்று சதவீதம். ஜோதிடர் நான் கேலிக்குச் சேர்த்த ஆள். மக்களுக்குத் தைரியம் வந்து எல்லாமே ஒரு சதவீதம் கூடும் என்று போட்டேன்.

பதினொரு பேரில் பத்துப் பேர் ஜோதிடரை வைத்தார்கள். பதினோராவது ஆள் ஒரு வாரம் கழித்து வைத்தார்.

நெரவியிலிருந்து தினமும் சைக்கிளில் வரும் கோவிந்தராஜ் சாரை மடக்கினேன். சொந்த நிலம் உண்டு, பாசனம் சம்பந்தப்பட்ட ஒரு ஆபீசில் எழுத்தர் வேலையும் உண்டு. நாற்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் கற்க வந்தவர்.

"சார், நீங்களே தண்ணி ஆபீஸ்ல இருக்கீங்க. நீங்க நீர் மந்திரிய வெச்சுக்க வேணாமா?"

"ஆபீஸ்ல இருக்கறதாலதான் தம்பி வெச்சுக்கல."

"அதுக்காக ஜோசியரா?"

"ஜோசியரப் போட்டா வெளயுதுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

நான் சிரித்தேன். விளையாது என்று எனக்குத் தெரியும். எழுதியவன் நான்தானே. என் கையால் ஜோதிடரை ஒருநாளும் நியமித்துப் பார்த்ததில்லை. அது என் பகுத்தறிவுக்கு இழுக்கு. அன்றுதான் அந்த நோட்டுப் பக்கத்தை எழுதினேன்.

4. மதர் வருகிறார்

ஒரு திங்கட்கிழமை முசியே என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் விஷயம் பெரியது.

"சேகர், பாரிஸ்லேந்து மக வரச் சொல்லிக்கிட்டே இருக்கு. பதினோரு பேர வெச்சுக்கிட்டு இத நடத்த முடியாதுப்பா. வர்ற சனிக்கெழம மதர் வர்றாங்க."

மதர் என்பது ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை கன்னியாஸ்திரி. அவருக்குப் பிடித்துவிட்டால் ஒரு வகுப்பையே இங்கே அனுப்புவார். பிடிக்கவில்லை என்றால் டிசம்பரோடு சென்டரைப் பூட்டிவிட்டு முசியே விமானம் ஏறுவார். எனக்கு விமானம் கிடையாது. போலகத்தில் மாமா வைத்திருக்கும் சிமெண்ட் கடையில் மூட்டை எண்ணும் வேலை காத்திருந்தது. மாமா மூன்று முறை ஆள் விட்டிருந்தார்.

"அவங்களுக்கு எதக் காட்டறது, முசியே?"

"ராஜ்யத்தத்தான். ஆனா ஒண்ணு. மதர் பாக்கறப்ப ஜோசியன் ஜெயிச்சான்னு வையி, என்ன ஆவும்? பொம்பளப் புள்ளைங்களுக்கு மிசின் வெச்சு நாள் நட்சத்திரம் சொல்லிக் குடுக்கறோம்னு பங்குச் சாமியார் வரைக்கும் போயிரும்."

"ஜோசியருக்கு ஒரு சதவீதம்தான் முசியே இருக்கு."

"அப்ப நீர் மந்திரிய ஏத்து. ஜனங்க தானா அந்தப் பக்கம் வருவாங்க."

நியாயமாகத்தான் பட்டது. செவ்வாய்க்கிழமை நீர் மந்திரியை இரண்டிலிருந்து ஐந்தாக ஏற்றினேன். ஜோதிடரை ஒன்றிலிருந்து பத்தில் ஒரு பங்காக இறக்கினேன். மாலையில் கோவிந்தராஜ் சார் ஜோதிடரை வைத்து ஆடினார். அறுவடையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, ஜோசியர நல்லா ஏத்தி விட்டுருக்கீங்க. முன்னவிட ரெண்டு பங்கு!"

புதன்கிழமை நீர் மந்திரியை இருபது சதவீதமாக்கினேன். இருபது என்பது ஊரைக் கெடுக்கும் எண். ஆனால் எனக்கு அப்போது ஊரைப்பற்றிக் கவலை இல்லை. முதல்முறையாக நானே ஜோதிடரை வைத்து ஆடினேன். நெல் இருபத்தொரு மடங்கு விளைந்தது. எண் நீண்டு, பக்கத்துக் கட்டத்தில் இருந்த பகை நாட்டின் பெயரை அழித்துவிட்டது.

வியாழக்கிழமை ஜோதிடரை ஆட்டத்திலிருந்தே தூக்கினேன். பெயரையும் எண்ணையும் அழித்தேன். நீர் மந்திரியும் தளபதியும் மட்டும்தான் மிச்சம். ஆடிப் பார்த்தேன். இப்போது தளபதிக்குப் பேய் பிடித்திருந்தது. நூறு பேர் கொண்ட படை, முதல் வருஷமே இரண்டாயிரத்து நூறு பேரின் பலத்தோடு போய் இரண்டு நாடுகளையும் முடித்துவிட்டுத் திரும்பியது. நீர் மந்திரி மட்டும் எத்தனை ஊட்டினாலும் உடம்பு தேறாத பிள்ளை மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜோதிடரை விரட்டினேன், அவருடைய பலம் போகவில்லை. பக்கத்து ஆள்மேல் ஏறிக்கொண்டது. இதற்கு என்னிடம் ஒரே ஒரு விளக்கம்தான் மிச்சமிருந்தது. அது பி.எஸ்சி. பாடத்தில் இல்லாதது.

5. பரிகாரம்

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருநள்ளாறு போனேன். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நளன் குளத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகினேன். கட்டியிருந்த பழைய வேட்டியைக் குளத்தோடு விட்டேன். எள் தீபம் போட்டேன். இரண்டு மாதமாகப் பதினொரு பேரைக் கேலி செய்தவன் என்பதால், பிராகாரத்தைப் பதினொரு முறை சுற்றினேன். அந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்டது.

பத்து மணிக்கு சென்டருக்குத் திரும்பினால், மாடிப்படியில் பிலோமினா டீச்சர் நின்றார். மதர் வரும்போது சுவரில் ஒட்டுவதற்காக, புரோகிராம் முழுவதையும் என் நோட்டைப் பார்த்து அழகாக டைப் அடித்துத் தரச் சொல்லி முசியே அவரிடம் கொடுத்திருந்தார்.

"என்ன தம்பி, தலையில எண்ணெ சொட்டுது?"

"ஒடம்பு சூடு, டீச்சர்."

"நெத்தியில விபூதியும் சூட்டுக்குத்தானா?"

துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, அத விடுங்க. இந்த முந்நூத்தி நாப்பதாவது வரியப் பாருங்க. மந்திரிங்க மூணு பேருதான?"

"மூணுதான். இப்ப ரெண்டு."

"உங்க நோட்டுல மூணு. நான் ஸ்டேட்மெண்ட் மாதிரி கட்டம் கட்டி அடிக்கலாம்னு எண்ணிப் பாத்தேன். மூணு பேருக்கு ஆறு கட்டம் வருதே? மிச்ச மூணு யாருக்கு?"

தட்டச்சு ஹையர் பரீட்சையில் ஸ்டேட்மெண்ட் என்று ஒரு தாள் உண்டு. அடிக்கத் தொடங்குவதற்கு முன் எத்தனை பத்தி என்று எண்ணி, அதற்கேற்ப டேப் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணாமல் விசையைத் தொட்டால் டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். அந்த எண்ணும் பழக்கம் எனக்கு இல்லை.

நோட்டில் இப்படி இருந்தது:

340 DATA 0,02,0,01,0,03

எழுதியது நான், சொன்னவர் முசியே. 'ஸெரோ விர்குல் ஸெரோ தே' என்று பிரெஞ்சில் சொல்வார்; பூஜ்யம், கமா, பூஜ்யம், இரண்டு. பிரான்சில் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், கமாதான். நான் பள்ளியில் படித்தது புள்ளி. "இது பிரெஞ்சு மிசினுப்பா, கமாதான் அதுக்குப் புரியும்" என்றார். A-வையும் Q-வையும் இடம் மாற்றி வைத்தவர்கள் புள்ளியையும் மாற்றியிருக்க மாட்டார்களா என்ன? நம்பினேன். கையேட்டில் ஓரிடத்தில் புள்ளி இருந்ததை முசியே அச்சுப்பிழை என்று பேனாவால் கமாவாகத் திருத்தியும் வைத்திருந்தார்.

இயந்திரத்துக்கோ, எந்த நாட்டில் செய்தாலும், அந்த வரியில் கமா என்றால் ஒரு எண் முடிந்து அடுத்த எண் தொடங்குகிறது என்று அர்த்தம். மூன்று மந்திரிகளுக்கு மூன்று எண் கேட்டது. முதல் எண் 0, நீர் மந்திரிக்கு. இரண்டாவது எண் 02, அதாவது இருநூறு சதவீதம், ஜோதிடருக்கு. மூன்றாவது 0, தளபதிக்கு. மீதி மூன்றை அது படிக்கவே இல்லை. வேறு வரியில் இப்படி எழுதியிருந்தால் தப்பு என்று திரையில் காட்டியிருக்கும். இந்த வரியில் கமா சட்டப்படி செல்லும். நீர் மந்திரிக்கு நான் ஊட்டியதெல்லாம் ஒவ்வொரு முறையும் அடுத்த இலைக்குப் போயிருக்கிறது. ஜோதிடரை எழுப்பிவிட்டதும் அந்த இலையில் தளபதி உட்கார்ந்துவிட்டார்.

பத்துப் பேரும் சனி பகவானுக்காக ஜோதிடரை வைக்கவில்லை. விளைந்தது, வைத்தார்கள்.

அந்த விசைப்பலகையில் கமா சும்மா அழுத்தினால் வரும். புள்ளிக்கு ஷிஃப்ட் வேண்டும். வியாழக்கிழமை தூக்கிய ஜோதிடரையும் சேர்த்து, நோட்டில் இருந்தபடியே அந்த வரியை மறுபடி அடித்து, மூன்று முறை ஷிஃப்டைப் பிடித்து மூன்று புள்ளி வைத்தேன். இரண்டு சதவீதம் உண்மையில் எவ்வளவு சின்னது என்பதும் அன்றுதான் தெரிந்தது; வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். நீர் மந்திரிக்குப் பதினைந்து, தளபதிக்குப் பதினைந்து என்று சரிக்கட்டினேன்.

"ஜோசியர என்ன டீச்சர் பண்றது? திரும்ப எடுத்துரவா?"

"இருக்கட்டும். ஊர்ல இல்லாத ஆளா? ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்."

6. சனிக்கிழமை

மதர் நான்கு மணிக்கு வந்தார். சுவரில் இருந்த டைப் தாளைத்தான் முதலில் படித்தார். பிறகு உட்கார்ந்து மந்திரிப் பட்டியலைப் பார்த்தார்.

"இந்த ஜோசியர் என்ன செய்வாரு?"

முசியே கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "ஒரு சதவீதம், மதர்."

"ஒண்ணா? தாராளமாத்தான் குடுத்துருக்கீங்க."

மந்திரி யாரும் வேண்டாம் என்றார். "ஸ்கூல நான் ஒருத்திதான பாத்துக்கறேன்?" ஏழாவது வருஷம் கரை உடைந்து ராஜ்யம் வெள்ளத்தில் போனது. மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ போடுங்க" என்றார். இந்த முறை நீர் மந்திரியை வைத்தார். ஏழாவது வருஷமும் வெள்ளம் வந்தது, ஒன்பதாவதிலும் வந்தது; கரை நின்றது. பத்து வருஷம் ஆண்டு முடித்தார்.

அடுத்த திங்கட்கிழமை முப்பத்திரண்டு மாணவிகள் வந்தார்கள். முசியே பாரிஸுக்குப் போகவில்லை. நான் சிமெண்ட் மூட்டை எண்ணவில்லை. திருநள்ளாற்றுக்கும் அந்த ஆட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. 340-ஆம் வரியில் புள்ளி இருக்க வேண்டிய மூன்று இடங்களில் கமா இருந்தது.