கூடையின் மேல் வைத்த இலை

எங்கள் வன நர்சரியில் இருபத்திரண்டு வருடம் விதை சேகரித்தவரை எல்லோரும் மோப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனால் போதும், செடியின் பெயர் வந்துவிடும். படித்துவிட்டு வந்த அதிகாரிகள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அக்கா அடுத்த புதருக்குப் போயிருப்பார். தலைக்கனமும் உண்டு. இல்லாமல் எப்படி?

அவருடைய தம்பி காட்டுப் புதர்களில் கருநீலப் பழம் பறித்து விற்பவன். தினமும் காலையில், பறித்த செடியின் கிளை ஒன்றைக் கூடையின் மேல் வைத்து எங்கள் வாசலுக்குக் கொண்டுவருவான். அக்கா ஓர் இலையை மோந்து பார்த்து, "சரி, போ" என்பார். அதற்குப் பிறகுதான் விற்பான்.

அன்று மதியம் இருபது பேர் அவனைக் கூடையோடு தரதரவென்று இழுத்து வந்தார்கள். வாயெல்லாம் ரத்தம். அவனிடம் பழம் வாங்கித் தின்ற குழந்தை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறதாம். என்ன விஷம் என்று டாக்டருக்கே பிடிபடவில்லையாம். குழந்தையின் அப்பா ஒரு லாரி மெக்கானிக். அவர் இரும்புக் கம்பியால் தம்பியின் முழங்காலில் போட்டார். எலும்பு உடைந்த சத்தம் ஆபீஸ் ஜன்னலுக்குள் நின்ற எனக்கே கேட்டது. நான் வெளியே போகவில்லை. பெரிய வீரன்!

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தார்.

"விடுங்கடா அவன! விஷம்னா நான் தின்பேனா?"

கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. மெல்லும்போதே கையில் மிஞ்சிய பழத்தைத் திருப்பிப் பார்த்தார். காம்படியில் ஐந்து முனைப் பச்சை இதழ். நல்ல பழத்தில் அது இருக்காது. இரண்டு செடிகள் ஒரே புதராகப் பின்னி வளர்ந்திருக்கின்றன; இலை ஒன்றிலிருந்து வந்திருக்கிறது, பழம் இரண்டிலிருந்தும்.

வாயை மூடிக்கொண்டால் தம்பி பிழைப்பான். சொன்னால் குழந்தை பிழைக்கும். அக்கா என் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"டேய் கிளார்க்கு! ஆஸ்பத்திரிக்கு போன் போடு! கண்மயக்கிப் பழம்னு சொல்லு. கண்ணு பாப்பா விரிஞ்சிருக்கும், வாய் காஞ்சிருக்கும், அதுக்கு வைத்தியம் பாக்கச் சொல்லு. சீக்கிரம்டா!"

சொல்லிவிட்டுத் தம்பியின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். "தப்பு அவன் மேல இல்ல! பாத்து அனுப்புனது நான்தான்!"

கம்பி அக்காவின் முதுகில் இறங்கியது. பிறகு கையில். கை ஒடிந்து தொங்கியது. கால்கள் உதைத்தன. இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்திவிட்டு, மூன்றாவது முறைதான் ஆஸ்பத்திரியைப் பிடித்தேன். போலீஸ் வந்தபோது அக்கா ரத்தமும் பழமுமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

குழந்தை மறுநாள் கண் விழித்தது. அக்கா மூன்றாம் நாள். தம்பிக்கு முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள்.

அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து அவனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவன் போர்வையின் தட்டையான பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதானக்கா சரின்னு சொன்ன" என்றான்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரும்புக் கம்பிக்கு வாய் திறக்காத அக்கா, கட்டுப் போட்ட கையால் தன் முகத்திலேயே அறைந்துகொண்டு அலறினார்.