பொண்டாட்டி கொடுத்த ரத்தம்

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தோளுக்குக் கீழே காட்டினார். என் பெயரின் முதல் எழுத்தைப் பச்சை குத்தியிருந்தார். அடேயப்பா, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வேறு எவளுக்குக் கிடைக்கும் இப்படி ஒருத்தர்!

நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. என்னைப் பார்க்க ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வந்த மருத்துவமாது மிஸ்ஸி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "எங்க குத்துனீங்க?" என்று கேட்டார். சில மாதங்களுக்கு முன், கொழும்பில் தங்கும் அறையில், இவரும் கடையில் கூட வேலை செய்யும் கல்யாணமான ஆட்கள் எல்லோரும் அவரவர் பொண்டாட்டி எழுத்தை ஒரே ஊசியால் குத்திக்கொண்டார்களாம்.

"அப்ப எச்.ஐ.வி.க்கு ரத்தம் பாத்துருங்க," என்றார் மிஸ்ஸி.

இவரோ அசையவில்லை. "ஒனக்குத்தான் கிளினிக்ல பாத்து ஒன்னுமில்லன்னுட்டாங்களே. ஒனக்கு இல்லன்னா எனக்கும் இல்லதான?"

எங்கள் லயத்து ஆண்கள் எல்லோரும் பேசும் நியாயம் இதுதான். பிள்ளைத்தாச்சிகள் அத்தனை பேரும் கிளினிக்கில் ரத்தம் கொடுத்திருக்கிறோம். கொடுத்த ஆம்பிளை ஒருத்தரும் இல்லை.

"நீங்க சோறு தின்னா எனக்குப் பசி அடங்குமா?" என்றேன். "எனக்குப் பாத்தது நீங்க வாரதுக்கு முந்தி. இனி ஒங்ககிட்டருந்து எனக்கு வந்து புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா, இந்த எழுத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

சட்டைக் கையை இறக்கிவிட்டு, "நாளைக்கே போவோம்," என்றார்.

மறுநாள் பதுளைக்கு பஸ் ஏறினோம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம், தொப்பியை மூக்குவரை இறக்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுக்காக வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டார்:

"ஏதாச்சும் இருந்துட்டா?"

"இருந்தா மருந்து இருக்கு. புள்ளையையும் காப்பாத்தலாம்னு மிஸ்ஸி சொன்னாங்க. நானும் எங்கயும் ஓடிற மாட்டேன்."

பஞ்சு ஒட்டிய தன் கையைப் பார்த்தார். பிறகு, "நீ ரத்தம் குடுத்தன்னிக்கு ஒன்கூட யாரு இருந்தா?" என்றார்.

"யாருமில்ல. நீங்க கொழும்புல."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் பக்கத்தில்கூட உட்காராதவர்! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு ஆசை எனக்கு அந்த மனுஷன் மேல்.

உள்ளே கூப்பிட்டு, ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். வெளியே வந்தவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று கொழும்பு அறைக்குப் போன் போட்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"டேய், நீங்களும் போய் ரத்தம் பாருங்கடா! பொண்டாட்டி குடுத்த ரத்தம் பொண்டாட்டிக்கு மட்டும்தான்டா!"