ராணிப்பேட்டைன்னு காதுல விழுந்த நோய்

கோழிக்காக சபையில சாட்சி சொல்ல எழுந்து நிக்கிறாளேன்னு யாரும் சிரிக்காதீங்க. அந்தக் கோழிங்க செத்தா எங்க வீட்டுக்காரரும் போயிடுவாருன்னு நான் நெசமாவே பயந்தேன்.

எங்க வீட்டுக்காரர் தேவராஜை உங்க எல்லாருக்கும் தெரியும். ஆம்பூர்ல தோல் பதனிடற ஒரு தோல் ஷாப்ல, தோலை ஊற வைக்கிற சுண்ணாம்புத் தொட்டில வேலை பார்த்தவர். ஷாப்பை மூடினதும் மனுஷன் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாடு கம்மி, பேச்சு அதவிடக் கம்மி. கோயிலுக்கும் வரல. காலைல கோழிக்கூண்டைத் திறந்து விடறதுக்கு மட்டும் எழுந்திருப்பாரு. அதுக்காவது எழுந்திருக்காரேன்னு நான் ஷூ கம்பெனிக்குக் கிளம்புவேன்.

போன லெந்து காலத்துல, ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள்ல, கோழிங்க தூங்கி விழ ஆரம்பிச்சுது. பச்சையும் வெள்ளையுமா கழிச்சல். வாயைத் திறந்து மூச்சு வாங்குது. கழுத்து முறுக்கிக்குது. கம்பெனில மெஷின் சத்தத்துக்கு நடுவுல கால்நடை டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். என்னமோ நோய் பேர் சொன்னாங்க. "ராணிப்பேட்டை"ன்னு என் காதுல விழுந்துச்சு.

உடனே எனக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ராணிப்பேட்டைன்னாலே தோல் ஷாப் கழிவுத் தண்ணிதானே. நம்ம பக்கத்துல எது செத்தாலும் தோல் ஷாப் தண்ணியைத்தானே சொல்வோம்? மிச்சத்தைக் கேக்காம போனை வெச்சிட்டேன். எனக்குப் பொறுமை எங்க இருக்கு! அன்னிலேர்ந்து நாங்க போர் தண்ணி குடிச்சோம், கோழிங்க கேன் தண்ணி குடிச்சுது. "ஆண்டவரே, தண்ணியை சுத்தமாக்கும்"னு முழங்கால்ல நின்னேன். நோய் வந்ததையும் வராததையும் ஒரே கூண்டுல விட்டு வெச்சிருந்தேன்.

தினமும் சாவு. ஒரு நாள் அவர் கூண்டைத் திறக்கவும் எழுந்திருக்கல. "திறந்து இன்னா ஆவப் போவுது"ன்னாரு. வேலைக்கு லீவ் போட்டுட்டு டாக்டரம்மாவைத் தேடிப் போய் கையோட கூட்டிட்டு வந்தேன்.

அவங்க பார்த்துட்டு, "ராணிப்பேட்டை இல்லம்மா, ராணிக்கெட். வெள்ளைக்கழிச்சல்னு சொல்வாங்களே, அதுதான். வைரஸ். ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஒட்டிக்கும். தண்ணி மேல தப்பில்ல"ன்னாங்க. வந்துட்டா மருந்து கிடையாதாம், முன்னாடியே தடுப்பூசி போட்டிருக்கணுமாம். செத்ததை ஆழமா குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லிட்டுப் போனாங்க.

நோய் பேர்கூடத் தெரியாம ஜெபம் பண்ணியிருக்கேன் பாருங்க. சாயந்திரத்துக்குள்ள மிச்சமும் செத்துச்சு. எனக்கு ஆண்டவர் மேலயே கோபம் வந்துடுச்சு. "நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் எடுத்துட்டீரே. இனிமே இந்த மனுஷனை எதைச் சொல்லி எழுப்புவேன்?"ன்னு கொல்லையில உக்காந்து வாய்விட்டு அழுதேன்.

அழுதுகிட்டே குழி வெட்டினேன். வெள்ளையடிக்க வெச்சிருந்த சுண்ணாம்பு மூட்டையைப் பிரிச்சுக் கையை விடப் போனேன்.

"ஏய், கையை எடு!"

திரும்பினா அவர். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. "வெறுங்கையால சுண்ணாம்பைத் தொடுவியா? வெந்துடும்மே! தள்ளு."

அய்யோ, அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாசம்! மண்வெட்டியைப் பிடுங்கி குழியை ஆழமாக்கினாரு. கோழிங்களை அடுக்கி, சுண்ணாம்பு தூவி மூடினாரு. கூண்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சாரு. சுவருக்கு அந்தாண்டலேர்ந்து பக்கத்து வீட்டு பர்வீன் பாஜி, "அண்ணா, எங்க கோழி நல்லாத்தான் இருக்குது, இப்ப இன்னா செய்யறது?"ன்னாங்க. "டாக்டரம்மாகிட்ட சொல்லி ஊசி போடும்மா. கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராத, நாங்களும் வரல"ன்னு இவர் பதில் சொல்றாரு. நான் சுண்ணாம்புப் புழுதில நின்னு மறுபடியும் அழுதேன்.

ஒரு கோழியைக்கூட கர்த்தர் காப்பாத்தல. அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கல. சில நாள் திரும்பவும் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கறாரு. நான் பேஜாராயிடறேன். ஆனா கோழிங்க உயிரோட இருக்கணும்னு நான் கேட்டதே இவர் எழுந்திருக்கணும்னுதான், அதை ஆண்டவர் கேட்டிருக்கார். சரியா ஜெபிக்கத் தெரியலன்னு யாரும் ஜெபிக்காம இருந்துடாதீங்க. தப்பா காதுல விழுந்தது எனக்குத்தான், ஆண்டவருக்கு இல்ல.

ஈஸ்டர் அன்னிக்கு விடியக்காலைல கூவறதுக்கு எங்க வீட்ல சேவல் இல்ல. "எழுந்திருமே, ஆராதனைக்கு நேரமாச்சு"ன்னு என்னை எழுப்பினது எங்க வீட்டுக்காரர்.