சின்ன ‘ஜி’யும் உடுமலைச் சம்பந்தமும்

1. மீசைப் பெட்டி

சிங்காநல்லூரில் ஒரு பழம்பொருள் கடை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி முருகேசன் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னை என் முன்னால் கவிழ்த்தார். அத்தனையும் முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் சிப்பாய்களின் போட்டோக்கள்.

“எல்லாத்துக்கும் ஒரே மீசையா இருக்குது. எவன் எவன்னு கண்டுபுடிச்சு எழுதிப்போடு” என்றார்.

வெளிநாடு போகும் ஆசையில் ஜெர்மன் வகுப்பில் இரண்டு நிலை முடித்திருந்தேன். விசா வரவில்லை, இந்த வேலைதான் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவிடம் வேலையை விளக்கிச் சொன்னேன். “செத்துப்போன வெள்ளைக்காரனுக்குப் பேரு வெக்கறதுக்காடா காலேஜு படிச்சே?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. தோள்பட்டையில் இருக்கும் எண் ரெஜிமென்ட்டைச் சொல்லும். சட்டைப் பொத்தானில் செருகிய ரிப்பன் மெடலைச் சொல்லும். படத்தின் பின்பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோ முத்திரை ஊரைச் சொல்லும். வாங்க வருகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

2. என்ன கூட்டமுங்க?

எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கையாளர் பழனிச்சாமி ஐயா. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. அவர் வீட்டு ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே ஜெர்மன் இரும்புச் சிலுவை மெடல் ஒன்று கண்ணாடிக்குள் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பூ உண்டு.

ஒரு நாள் அவர் மெடல் எதுவும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க முருகேசு, ஜெர்மனியிலே இருக்கற எங்க அம்மணி கவிதா அங்கயே ஒரு பையனைப் புடிச்சிருக்குதுன்னு சொல்றா. ஸ்டெஃபான் லிண்ட்னராம். சொந்தக்காரனெல்லாம் என்ன கூட்டம், என்ன குலம்னு கேக்கறான். நான் என்னத்தைச் சொல்றது?”

“ஒரே கூட்டமா இருந்து அண்ணன் தங்கச்சி மொறை ஆயிராதுங்க. அது உறுதி” என்றார் அண்ணன்.

ஐயா சிரிக்கவில்லை. பையன் வீட்டு ஆல்பத்திலிருந்து மகள் அனுப்பிவைத்த பழைய படம் ஒன்றை எடுத்து நீட்டினார். மீசை வைத்த ராணுவ அதிகாரி, இடுப்பில் வாள், நெஞ்சில் மெடல்கள். என் கைக்கு வருமுன் அண்ணன் பின்பக்கத்தைப் படித்துவிட்டார்.

“கிராஃப் லிண்ட்னர்! ஐயா, கிராஃப்ங்க!”

“கிராப்புன்னா முடி வெட்டறதுங்களே?”

“அது நம்மூர்லேங்க. அங்க கிராஃப்னா பிரபு. பரம்பரைப் பட்டம்.”

“ஜமீனுங்களா?”

“ஜமீனுக்கும் ஒரு படி மேலேங்க.”

நான் லென்ஸைத் தேடி எடுப்பதற்குள் ஐயா வாசலில் நின்று மூன்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுவிட்டார். “ஆமா, வாளோட நிக்கறாரு. அச்சு அசல் பட்டக்காரரு!”

3. சின்ன ‘ஜி’

ஐயா படத்தை ஆராய்ச்சிக்காக விட்டுப்போயிருந்தார். பின்பக்கத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். முத்திரையில் ‘கிராஃப்’ சின்ன ‘ஜி’யில் தொடங்கியது. ஜெர்மனில் பெயர்ச்சொல் எதுவானாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். எருமை, பக்கெட், பிரபு எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. சின்ன எழுத்து என்றால் அது ஒரு சொல்லின் வால். படத்தின் இடது ஓரத்தை யாரோ ஆல்பத்துக்காகக் கத்தரித்திருந்தார்கள். போன துண்டில் ‘போட்டோ’ இருந்திருக்க வேண்டும். போட்டோகிராஃப் லிண்ட்னர். ஜெர்மனில் அந்தச் சொல் படத்தைக் குறிக்காது, எடுப்பவரைக் குறிக்கும். அதாவது, போட்டோக்காரர் லிண்ட்னர்.

“அண்ணா, இது ஸ்டுடியோ முத்திரைங்ணா. சின்ன எழுத்து.”

“சின்ன ஜமீன்னு வெச்சுக்கோ.”

“நெசமான பிரபு குடும்பம்னா பட்டம் இன்னைக்கும் பேரோட சேர்ந்து பாஸ்போர்ட்ல இருக்குமுங்ணா. இந்தப் பையன் வெறும் லிண்ட்னர்.”

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “சரவணா, அந்தாளு இப்பத்தான் சரின்னு தலையாட்டியிருக்காரு. நீ வாயத் தொறந்து கண்ணாலம் நின்னுபோச்சுன்னா, அந்தப் புள்ளை பாவம் உன்னைச் சும்மா விடாது.”

அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அந்தப் புள்ளையே போனில் கூப்பிட்டது.

“தம்பி, எங்கப்பாகிட்ட என்னத்தைச் சொல்லி வெச்சிருக்கீங்க? ஸ்டெஃபான்கிட்ட அரண்மனையிலே எத்தனை ரூம்னு கேக்கறாரு. அவங்க ரெண்டு பெட்ரூம் வாடகை ஊட்லே இருக்காங்க!”

முத்திரையைப் பற்றிச் சொன்னேன். போனை வைக்காமலே கவிதா ஸ்டெஃபானின் அம்மாவை விசாரித்தார். கொள்ளுத் தாத்தா ஸ்டுடியோ வைத்திருந்தது உண்மை. மீசைக்காரர் யாரென்று அவர்களுக்கே தெரியாது.

“அப்பாவுக்கு நீங்களே நேர்ல போய்ச் சொல்லிப்போடுங்க. நான் சொன்னா, பையனுக்காகப் பேசறேம்பாரு. ராணின்னு சொல்லி அவங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து மண்டபத்துலே உக்கார வெச்சா, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவங்க ஊட்லே வாழறது?”

4. உடுமலை

நான் போன நேரம் மோசமானது. ஐயா கையில் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். ‘ஜெர்மனி ஜமீன் வம்சாவளி’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. எதிரே அவர் மனைவியின் தம்பி தங்கவேலு. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிவந்தவர்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விட்டால் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

“அப்ப வாளு?” என்றார் ஐயா.

“படம் எடுக்க வந்தவரோடதுங்கய்யா.”

“பையனோட கொள்ளுத் தாத்தன்?”

“கேமராவுக்குப் பின்னாலே நின்னவருங்க.”

தங்கவேலு தொடையைத் தட்டிச் சிரித்தார். “ஏனுங் மாமா, ஜமீன்னு தமுக்கடிச்சுப்போட்டுக் கடைசிலே போட்டோக்காரன் ஊட்டுக்கா பொண்ணு குடுக்கறீங்க?”

ஐயாவின் முகம் சிவந்தது. கல்யாணம் அந்த நிமிடம் முடிந்துபோனது என்றே நினைத்தேன். தெரிந்ததெல்லாம் படங்களைப் பற்றித்தான், கொண்டுபோன படத்தை நீட்டி அதையே உளறினேன்.

“ஐயா, அந்த ஆபீசரைப் பாருங்க. ரெஜிமென்ட்டே அவருக்கு சல்யூட் அடிக்கும். ஆனா தாடையைத் தூக்குன்னா தூக்கியிருக்காரு, மூச்சைப் புடின்னா புடிச்சிருக்காரு. சொன்னது லிண்ட்னருங்க.”

ஐயா படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளே, உன்ற கண்ணாலத்துலே தாலி கட்டப் போறப்ப போட்டோக்காரன் என்ன சொன்னான்?”

“அது… பிளாஷ் வரலே, சித்த நிறுத்துங்கன்னான்.”

“நிறுத்துனியா?”

“நிறுத்துனேனுங்க.”

“ஐயரு கெட்டிமேளம்னு கத்தறாரு, உங்கப்பன் கட்டுடாங்கறான், நீ கையிலே கயித்தை வெச்சுட்டுப் போட்டோக்காரன் மூஞ்சியைப் பாத்துட்டு நின்னே. நான் பக்கத்துலேதான் இருந்தேன். இப்ப சொல்லு, அன்னைக்கு அந்த மண்டபத்துலே யாரு பெரிய ஆளு?”

ஐயா பேனாவை எடுத்து ‘ஜமீன் வம்சாவளி’யை அடித்துவிட்டு, “ஏங் கண்ணு, ஸ்டுடியோ அதிபர்னு போடலாமில்லே? அது பொய்யில்லையே?” என்று என்னிடம் கேட்டார்.

“பொய்யில்லீங்கய்யா.”

தம்பிகளே, இதில் நான் கற்றது ஒன்றுதான். படத்தில் சந்தேகம் வந்தால் உரியவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். நான் தாமதித்தது இரண்டே நாள். அதற்குள் அவர், வரப்போகும் சம்பந்தியம்மாவுக்காக உடுமலையில் ஒரு சாரட்டு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அதைத் திருப்பித் தரமாட்டார்களாம். கல்யாணத்தன்று, காசு வீணாகக் கூடாதென்று ஐயா ஏற்றிவிட்ட அந்த வண்டியில், குதிரைக்குப் பயந்து கண்ணை மூடியபடி, மண்டபம்வரை வந்தவர் தங்கவேலு.