என் கைக்கு மூன்று முழம்

போன வருடம் சித்திரை மாதம், ராமநாதபுரத்தில் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கிற மைதானத்தில் நடந்தது இது. அப்படி ஒரு வெயில். நான் பைக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். பைக்கோடு சேர்த்து மாட்டிய பெட்டிக்குள் என் மாமியார், பக்கத்தில் கீரைக்கூடையோடு. லைசென்ஸ் எடுக்க வந்த ஆட்கள் எல்லாம் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் விளங்காமல் போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. பைக்கில் பின்னால் உட்காரவும் முடியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் கிடையாது. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தோட்டத்தில் கீரை, கத்திரிக்காய் போட்டு, பாம்பனுக்குக் கொண்டுபோய் விற்போம். அத்தை சிரமப்படாமல் போய்வர வேண்டும் என்பதற்காகவே என் வீட்டுக்காரர் தன் பழைய பைக்கின் இடதுபக்கம் ஒரு சக்கரம் வைத்து, இரும்புக் குழாயில் இந்தப் பெட்டியைச் செய்தார். அவர் ஓட்டுவார். நானும் அத்தையும் பெட்டிக்குள், கூடை நடுவில். பாலத்தில் ஏறியதும் கடல் காற்று முகத்தில் அறையும். அத்தை அவரைத் திட்டிக்கொண்டே வருவார், அவர் சிரித்துக்கொண்டே ஓட்டுவார். என் கல்யாண வாழ்க்கையில் பாதி அந்தப் பெட்டிக்குள்தான் நடந்தது.

மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். அதைப் பற்றி என்னால் இதற்கு மேல் எழுத முடியாது.

வண்டி வேப்ப மரத்தடியில் அப்படியே நின்றது. அத்தை வெளியே போவதையே விட்டுவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆளுக்கு ஒரு மூலையில் கிடப்போம். ஒரு நாள் காலையில் அத்தை தானாக நொண்டி நொண்டிப் போய்ப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஏத்தா, இங்கன வா. வந்து ஓட்டு” என்றார். எனக்குச் சைக்கிள் மட்டும்தான் தெரியும். “மூணு சக்கரம் இருக்குல்ல, எங்கிட்டு விழப்போற? விழுந்தா சேந்தே விழுவோம்” என்றார்.

ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்தேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், அதற்கே பயந்துகொண்டு போனேன். புருஷன் செத்த வருஷம் திரும்பவில்லை, அதற்குள் இவளுக்குப் பைக் கேட்கிறதா என்று தெருவில் ஒரு அக்கா பேசினார். அத்தை பெட்டிக்குள் இருந்தபடியே, “அப்ப நீ வந்து என்னைய பாம்பன் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறியாடி?” என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் பாலத்துக்கு முன்னால் போலீஸ் பிடித்துவிட்டது. பெட்டி வைத்ததை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றவில்லை. அதுவும் போக, பக்கத்தில் பெட்டி மாட்டிய பைக் மொத்தம் இவ்வளவு அகலம்தான் இருக்கலாம் என்று சட்டமே இருக்கிறதாம். எங்கள் வண்டி பார்த்தாலே அதைத் தாண்டும் என்றார்கள். அடுத்த முறை எழுதி வாங்காமல் வந்தால் வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வண்டி போனால் வியாபாரம் போகும். அத்தை திரும்பவும் மூலையில் போய்ப் படுத்துவிடுவார். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

அப்படித்தான் அந்த மைதானத்தில் நின்றோம். சோதிக்க வந்தது ஒரு மேடம். பிரேக், லைட் எல்லாம் பார்த்து நல்லா இருக்கு என்றார். பிறகு வலதுபக்க ஹேண்டில் முனையில் இருந்து பெட்டியின் வெளி ஓரம் வரைக்கும் டேப்பைப் பிடித்தார். திரும்பவும் ஒரு தடவை பிடித்தார்.

“ஒரு சாண் கூட இருக்கும்மா. பாலத்துல எதிர்த்தாப்புல பஸ் வந்தா எங்க ஒதுங்குவ? வெட்டிச் சின்னதாக்கிட்டு வா, நான் எழுதித் தாரேன்.”

வெட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. “எங்க வீட்டுக்காரர் கையால செஞ்சது மேடம். வெட்ட மாட்டேன். இப்படியே எழுதிக் குடுங்க” என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. என் வெறும் நெற்றியைப் பார்த்தார். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். “நான் எழுதிருவேன். நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா?” என்றார்.

“அவ கெடக்கா மேடம். நாங்க வெட்டிக்கிட்டு வாரோம்” என்று பெட்டிக்குள் இருந்து அத்தை சொல்லிவிட்டார்.

திரும்பும் வழி முழுக்க நான் அத்தையோடு பேசவில்லை. அத்தை எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே வந்தார்.

நேராக உச்சிப்புளியில் பெட்டிக்கு வெல்டிங் வைத்த பட்டறைக்குத்தான் போனோம். பட்டறைக்காரர் என் வீட்டுக்காரரின் கூட்டாளி. அந்தக் கோபத்தை எல்லாம் அவர் மேல் காட்டினேன். இவ்வளவு அகலமாகச் செய்தீர்களே, உங்களிடம் டேப் இல்லையா என்று கேட்டேன்.

“டேப்ப நீட்டுனேன்மா. அவன் எங்க வாங்குனான்?” என்றார். “குழா மேல கைய நீட்டி வச்சு, மூணு முழம்னுட்டான். ஒரு முழம் ஆத்தாவுக்கு, ஒரு முழம் கூடைக்கு, ஒரு முழம் எம் பொண்டாட்டிக்குன்னான். அவன் கையி பனமட்ட கணக்கா இருக்கும். பூ வாங்கப் போனா, ஏலே நீ அளக்காத, நான் அளக்கேன்னு பூக்காரம்மா கையத் தட்டிவிடும்.” சொல்லிக்கொண்டே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்காக ஒரு முழம் அளந்தார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் போய் அந்தக் குழாயின் மேல் முழங்கையை ஊன்றிக் கையை நீட்டி வைத்தேன். இந்த இடத்தில்தானே அவர் கையும் கிடந்திருக்கும். மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தும் குழாய் தீரவில்லை. ஒரு சாண், அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த இரும்பிலேயே முகத்தை வைத்து அழுதேன்.

அத்தை அழவில்லை. “இப்ப வண்டி ஓட்டுறது யாருத்தா?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“அப்ப ஒன் முழத்துல இருக்கட்டும்.” பிறகு பட்டறைக்காரரைப் பார்த்து, “ஏலே, அவ கை முடியுற எடத்துல கோடு போடு” என்றார்.

“வெட்டுனா அவரு போயிருவாரு அத்தை” என்றேன். பைத்தியம் மாதிரிதான் இருந்திருக்கும்.

“போனவன் போயிட்டான். நீயும் நானும் பஸ்ஸுல அடிபட்டுப் போய்ச் சேந்தா, அமாவாசைக்கு அவனுக்குச் சோறு வைக்க யாரு இருக்கா? பட்டினி போடப் போறியா எம் மகனை?”

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சோற்றுக்கு அலைகிற ஆள். ஒரு வேளை தள்ளிப்போனாலும் வீட்டை இரண்டாக்கிவிடுவார். அத்தையும் சிரித்தார். சிரிக்கும்போதுதான் அத்தைக்குக் கண்ணீர் வந்தது. இரண்டு பேரும் பட்டறைத் தரையில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் போனதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதுகொண்டிருந்திருக்கிறோம்.

கோட்டில் வெட்டி, சக்கரத்தை உள்ளே தள்ளி வைத்துத் திரும்பவும் பற்றவைத்தார்கள். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிடாமல் அத்தை தன் முந்தானையால் என் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

மறுபடி மைதானத்துக்குப் போனபோது மேடம் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கணக்கா இருக்கே, யாரு அளந்தது?” என்றார். “எம் மருமக கைதான் மேடம்” என்றார் அத்தை, ஏதோ நான் பெரிய பரீட்சையில் ஜெயித்ததைப் போல.

இப்போது தினமும் பாலத்தைத் தாண்டிப் போகிறோம். அத்தை அவரைத் திட்டியதை எல்லாம் என்னைத் திட்டுகிறார். என் கை அவர் கை நீளத்துக்கு ஒருநாளும் வராது, ஆனால் அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வர இந்தக் கை போதும் என்று அத்தைதான் என்னை நம்ப வைத்தார். சாயங்காலம் வீட்டில் வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்தும்போது, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் என்னை அறியாமல் ஒரு சாண் இடம் விட்டுத்தான் இன்னமும் நிறுத்துகிறேன். ஒட்டி நிறுத்து என்று அத்தையும் இதுவரை சொன்னதில்லை.