ரூத்தின் ஞாயிற்றுக்கிழமை

லூயிஷாம் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் நிறையச் செரிப்பழம் வாங்கினேன். வீட்டில் கழுவும்போதுதான் அடியில் கிடந்தவை வெடித்திருப்பது தெரிந்தது. வெடித்த செரிக்கு ஒரு மணம் உண்டு: இனிப்பு புளிக்கத் தொடங்கும் மணம், காயாத சட்டையின் மணமும் கொஞ்சம். குழாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். என் மூக்குக்கு ஒரு கெட்ட பழக்கம், என்னைக் கேட்காமலே எங்காவது போய்விடும். அன்று அது லண்டனுக்கு வெளியே, கென்ற் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனது, ரூத்திடம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், லூயிஷாம் ஸ்டேஷன் வாசலில் விடியப்புறம் ஒரு வான் வந்து நிற்கும். நாங்கள் சில இலங்கைத் தமிழ்ப் பெண்கள் தூங்கி வழிந்துகொண்டு அதில் பழம் பிடுங்கப் போவோம். ரூத் அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரரின் மனைவி. மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரி. ஆறு பிள்ளைகள். நாங்கள் போய் இறங்கும்போது கொடியில் உடுப்புக் காயும், அடுப்பில் கோதுமைப் பாண் வேகும், இடுப்பில் கடைசிக் குழந்தை இருக்கும், மற்றக் கை டிராக்டர் சாவியைத் தேடும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதாவது ஒரு மரத்தில் சாய்வார். அதுதான் அவருடைய கதிரை.

அந்த வீட்டில் தேயிலை கிடையாது, கோப்பியும் கிடையாது. அவர்கள் மார்க்கத்தில் விலக்கு. அது தெரியாமல் முதல் நாளே எங்கள் பிளாஸ்கிலிருந்து நல்ல சாயத் தேத்தண்ணி ஊற்றி நீட்டினோம். முகர்ந்து பார்த்து, சிரித்து, திருப்பித் தந்தார். மன்னாரிலிருந்து வந்த மேரியக்கா திரும்பும் வழியெல்லாம் பொருமினார்.

"ஆறு பிள்ளையைத் தேத்தண்ணி இல்லாம வளர்த்திருக்கிறா. வேதசாட்சி எண்டு இவவைத்தான் சொல்லவேணும்."

சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. கோதுமை, அவரை, சீனி, போத்தலில் அடைத்த பழங்கள். ஒரு வருஷத்துக்குப் போதுமான சாப்பாடு.

"நாங்கள் சண்டையில ஷெல்லுக்குப் பயந்து சேர்த்தம். இவ என்னத்துக்குப் பயந்து சேர்க்கிறா? கேளடி," என்றார் மேரியக்கா. என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பயமில்லை. ஆயத்தமா இருக்கவேணுமெண்டு சபையில சொல்லித் தந்தது," என்றார் ரூத். (அவருடைய ஆங்கிலம் எனக்குள் எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது, மன்னியுங்கள்.) சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவந்த நாங்கள், அடுத்தவள் நகையைப் பார்ப்பதுபோல அந்த அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் கோடையில் ரூத்தின் கணவர் ஏணியால் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தோட்டத்தில் பாதி கணவரின் அண்ணனுக்கு. இந்த விளைச்சலும் தவறினால் விற்றுவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். மரமெல்லாம் செரி கனிந்து கிடந்தது. சனிக்கிழமை மாலை வானொலி, மறுநாள் பெருமழை என்றது. பழுத்த செரி மழை குடித்தால் வெடிக்கும். வெடித்ததைக் கடைக்காரன் எடுக்கமாட்டான். ஞாயிறோ அவர்கள் வேலை செய்யாத நாள்.

நாங்கள் எங்கள் ஊர்த் துடக்குக் கணக்கைப் போட்டோம். செத்த வீட்டுக்காரர் அடுப்பு மூட்டக்கூடாதென்றால் அயலட்டை சமைத்துக் கொடுக்குமே, அந்தக் கணக்கு.

"நீங்கள் கோயிலுக்குப் போங்கோ. ஒண்டையும் தொடவேண்டாம். நாங்கள் வந்து பிடுங்கி வைக்கிறம்."

ரூத் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளை அயர்ன் செய்துகொண்டிருந்தார். "எனக்காக நீங்கள் செய்தாலும் அது என்ர வேலைதான்," என்றார்.

"ஒரு நாள்தானே, ரூத்," என்று கட்டிலில் கிடந்த கணவர் கூப்பிட்டார். ரூத் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார். நீராவி சீறியது.

வான் நின்ற இடம் வரைக்கும் வந்த ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுளுக்காக மட்டுமெண்டு நினையாதையுங்கோ. கிழமையில அந்த ஒரு நாள்தான் இந்தத் தோட்டம் என்னைக் கூப்பிட ஏலாது. அதையும் நானே குடுத்திட்டா, பிறகு எனக்கு எல்லா நாளும் வேலை முடியாத சனிக்கிழமைதான்."

மறுநாள் மழை சொன்னபடி வந்தது. பூசை முடிந்து மேரியக்கா எனக்குப் போன் எடுத்தார். "மாதாவிட்டயும் சொல்லிப் பார்த்தன். கேக்கேல்லை."

திங்கட்கிழமை கிளைக்குக் கிளை வாய் பிளந்த பழங்கள், அவற்றில் குளவிகள். ரூத் மேசை நிறையப் போத்தல்களைப் பரப்பியிருந்தார். கொட்டை எடுத்து, சீனிப்பாகு ஊற்றி, விரல் ஊதா நிறமாகும்வரை அடைத்தோம். அப்படியும் நாங்கள் காப்பாற்றியது ஒரு மூலைதான்.

"அழுதனீங்களோ?" என்று மேரியக்கா தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," ரூத் வெட்கப்பட்டவர்போலச் சொன்னார். "சபையால வந்து நித்திரை கொண்டன். நல்ல மழைச் சத்தம். பிள்ளையளும் எழுப்பேல்லை."

இலையுதிர் காலத்திலேயே மரங்களைப் பிடுங்கிவிட்டார்கள். குடும்பம் வடக்கே எங்கோ போனதாகச் சொன்னார்கள். அந்த நிலத்தில் இப்போது பார்சல் களஞ்சியம்; கிழமை முழுவதும் விளக்கு அணைவதில்லை. மேரியக்காவும் போய்விட்டார். கடைகள் ஞாயிற்றுக்கிழமை கதவடைத்து, தெரு தன் பாட்டில் கிடந்த லண்டனும் போய்விட்டது; அப்போது அதைச் செத்த ஊர் என்று திட்டியவள் நான்.

போன சனிக்கிழமை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் மனேஜர் போன் எடுத்தார், எங்கள் ஆள்தான். "அக்கா, நாளைக்கு ஒரு ஷிப்ட் செய்வீங்களோ? ஞாயிறெண்டு தெரியும். வேற ஆளில்லை."

ஏலாது என்று சொல்ல எனக்குள் ஒரு காரணம் தேடினேன். கால் வலி, மகள் வருகிறாள், எல்லாம் சின்னச் சின்னக் காரணங்கள். ஒன்றும் மழையைத் தாங்காது.

"ஓம், வாறன்," என்றேன்.