நைட்ரஜனுக்கு ஊரும் பேரும் இல்லை

சாப்பாட்டு மணி அடித்தால் ஆராவமுதன் தன் டப்பாவைத் திறப்பதில்லை. முதலில் மற்றவர்களுடைய டப்பாக்களைப் பார்த்துவிட்டு வருவார். மாவு ஆலையின் பின்பக்கக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களின் எதிரே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். வெறும் சோறும் ஊறுகாயும் கண்ணில் பட்டால் போதும், மூக்கு நுனி சிவந்துவிடும்.

"ஏன்யா கலியா, மூட்டை தூக்கற உடம்புக்கு இதுதான் சாப்பாடா? ஒரு கைப்பிடி பருப்பு போடப்படாதா?"

"பருப்பு இன்னா வெல விக்குதுன்னு தெரிமா சார்?" என்பான் கலியன்.

"தெரியும். நீ பிடிக்கற பீடி என்ன விலை விக்கறதுன்னும் தெரியும்."

ஆட்கள் சிரிப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வராது. கோபம்தான் வரும். காக்களூர்ப் பக்கம் இருந்த அந்த ஆலையில் எழுபத்திரண்டாம் ஆண்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவருடைய கோபத்தைத் தெரியாதவர் அதைவிடக் குறைவு. பஸ் தாமதமானால் கோபம். காப்பியில் சிக்கரி கூடினால் கோபம். "ஏறக்குறைய" என்று யாராவது சொல்லிவிட்டால், அன்று முழுவதும் கோபம். "ஏறினதா, குறைஞ்சதா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்!"

நாற்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு. நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு. சட்டையின் முன்பக்கத்தில் அமிலம் தெறித்துத் தெறித்துச் சல்லடையாகப் போன துளைகள். புதுச் சட்டை வாங்கினாலும் ஒரு வாரத்தில் அதே கதி என்பதால் வாங்குவதை விட்டுவிட்டார். திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் மாலை கட்டும் கைங்கரியம் அவர்கள் குடும்பத்துக்கு. அண்ணா அதைப் பார்த்துக்கொள்ள, தம்பி ரசாயனம் படித்து ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் புரதம் என்றால் என்ன என்று ஆலை ஆட்களுக்குச் சொல்ல வேண்டி வந்தபோது, அவர் வாயில் வந்தது வீட்டுத் தொழில்தான்.

"சரம் தொடுக்கற மாதிரிய்யா. அமினோ அமிலம்னு இருபது வகைப் பூ. அதுல எட்டு வகை நம்ம உடம்புத் தோட்டத்துல பூக்காது, சாப்பாட்டுலதான் வந்தாகணும். ஒரு வகை தீர்ந்துபோச்சுன்னு வையி, மத்தது கூடை கூடையா இருந்தாலும் சரம் அங்கேயே நின்னுடும். அரிசியில லைசின்னு ஒரு பூ கம்மி. பருப்புல அது நிறைய, ஆனா மெத்தியோனின் கம்மி. ரெண்டையும் சேர்த்துப் பிசைஞ்சா இதுல இல்லாததை அது குடுக்கும். சதை, ரத்தம், தலைமயிர், நகம் எல்லாம் இந்தச் சரம்தான். வெறும் சோறு அடுப்புக்கு விறகு. விறகை அடுக்கி வீடு கட்ட முடியுமோ?"

ஆலை அரைத்தது குழந்தைகளுக்கான சத்து மாவு. கேழ்வரகு, பருப்பு, கடலைப் பிண்ணாக்கு, வெல்லம். பொன்னேரியிலிருந்து கடலோரக் குப்பங்கள் வரைக்கும் இருந்த அரசு உணவு மையங்களுக்கு மூட்டை மூட்டையாகப் போயிற்று. மாவில் நூற்றுக்குப் பதினாறு பங்கு புரதம் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது ஆராவமுதன் வேலை.

அந்தச் சோதனையை அவர் ஒரு பூசையைப் போலச் செய்வார். ஒரு கிராம் மாவை நிறுத்து, நீள்கழுத்துக் குடுவையில் போட்டு, அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைப்பார். மாவு கருகிக் கூழாகி, நேரம் போகப் போக வெளுத்து, கடைசியில் தெளிந்த நீராகிவிடும். அதிலிருந்து அம்மோனியாவை வடித்துப் பிடித்து, எவ்வளவு நைட்ரஜன் என்று கண்டுபிடித்து, ஆறேகாலால் பெருக்கினால் புரதம். மாவுச் சத்திலும் எண்ணெயிலும் நைட்ரஜன் கிடையாது, புரதத்தில்தான் உண்டு. உலகம் முழுவதும் அப்படித்தான் அளக்கிறார்கள். அவரும் அளந்தார். பதினாறு புள்ளி நான்கு. பதினாறு புள்ளி இரண்டு. மறுபடி பதினாறு புள்ளி நான்கு. பதினொரு மாதம், ஒரு தடவைகூடப் பதினாறுக்குக் கீழே போகவில்லை. அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ஆய்வுக்கூட வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். காலில் செருப்பில்லை. கையில் மூடி போட்ட ஒரு தகர டப்பா. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் உணவு மையத்து ஆயா, பெயர் கெங்கம்மாள். விடிகாலையில் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கேட்டில் இருந்தவன் விரட்டியும் போகாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"மாவுக்குக் கையெய்த்து போட்றது நீதானா சார்?"

"நான்தான். என்ன வேணும்?"

அவள் மூடியைத் திறந்து டப்பாவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இத்த மோந்து பாரு."

கரைத்த மாவு. அம்மோனியா குப்பென்று மூக்கில் ஏறியது. ஆராவமுதன் இரண்டடி பின்வாங்கினார்.

"கட்டி தட்டாம இருக்கட்டும்னு வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக் கரைச்சி வச்சிட்டு, அடுப்பு பத்த வைக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா ஊடு பூரா மூத்திர நாத்தம். இத்தப் புள்ளைங்களுக்கு ஊத்துவியா நீ?"

"மூட்டை நனைஞ்சிருக்கும். புளிச்சுப் போயிருக்கும்."

"மூட்ட நனைல. புளிச்ச நாத்தம் எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயர்ந்தது. "எட்டு மாசமா இந்தக் கஞ்சிதான் ஊத்தறேன். ஒரு புள்ள தேறல. சவலப் புள்ளைங்க சவலையாவே கெடக்குது. கால்ல வெரல வச்சி அழுத்துனா குழி வுழுது, மேல எழும்ப மாட்டேங்குது. தலமயிர் செம்பட்டையாப் பூடுது. எங்க தெருவுல ஒரு பொண்ணு, மூணு வயசு. தாய்க்காரிக்கு அடுத்தது பொறந்துட்டுது, பாலு இல்ல. தெனம் ரெண்டு டம்ளரு கஞ்சி குடுத்தேன் சார், என் கையால. கஞ்சியக் குடிச்சிக்கினே செத்துப்பூட்சி. போன மாசம்."

ஆராவமுதன் மேசைப் பக்கம் திரும்பினார். போன மாதத்துச் சான்றிதழ் அவர் மேசைமேல்தான் இருந்தது. பதினாறு புள்ளி நான்கு.

புரதம் அழுகினால் அந்த நாற்றம் வர நாள் கணக்காகும். ஓர் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் வராது. அவ்வளவு சீக்கிரம் அம்மோனியாவைக் கக்கும் சரக்கு அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். பச்சைப் பருப்பில் ஒரு நொதி உண்டு. அதுவும் ஒரு புரதம்தான். வெதுவெதுப்பான நீரில் அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். பருப்பை வறுத்துவிட்டால் நொதி செத்துப்போகும், நாற்றம் வராது. ஆனால் யூரியா இருக்கும்.

நேரே வறுக்கும் கொட்டகைக்குப் போனார். கலியன் அங்கே நின்றான்.

"போன வாரம் பருப்பை வறுத்தியா?"

"டிரம்மு ரிப்பேரு சார். பச்சையாவே அரைச்சிக் கலக்கச் சொல்ட்டாங்கோ."

"வேற என்னடா கலந்தீங்க?"

கலியன் தரையைப் பார்த்தான். "மொதல் லோடுலேந்தே போடறோம் சார். வெள்ளையா, சர்க்கர மாதிரி. நூறு கிலோவுக்கு ரெண்டு கிலோ. 'சத்து உப்பு'ன்னு மேனேஜர் சொன்னாரு. பருப்பக் கொறச்சி மரவள்ளி மாவு போடறோம்ல, அதுக்காவ. உனுக்குத் தெரியும்னுதான் சார் நென்ச்சேன். நீதான கையெய்த்து போடற?"

நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ யூரியா. அவர் மனம் தன்னாலேயே கணக்குப் போட்டது. ஐந்து புள்ளி எட்டு சதவீதப் புரதம், காகிதத்தில் மட்டும் முளைத்த புரதம். வயலுக்குப் போடும் உரம். மனித உடம்பு வேண்டாம் என்று சிறுநீரில் கழித்துத் தள்ளும் சரக்கு. அதைத்தான் பதினொரு மாதமாகக் குழந்தைகளுக்கு ஊற்றியிருக்கிறார்கள். அதைத்தான் அவர் குடுவையில் கொதிக்கவைத்து, வடித்து, துளித் துளியாக அளந்து, புரதம் என்று எழுதியிருக்கிறார். குடுவைக்கு நைட்ரஜன் தெரியும். அது யார் வீட்டு நைட்ரஜன் என்று தெரியாது.

மேலாளர் கிருஷ்ணஸ்வாமியின் அறைக் கதவை அவர் தட்டவில்லை.

"குழந்தைகளுக்கு மூத்திரத்தைக் கரைச்சுக் குடுத்திருக்கேளேய்யா! மனுஷாள்தானா நீங்க?"

கிருஷ்ணஸ்வாமி பதறவில்லை. "உட்காரும். ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கு? நைட்ரஜனை ஆறேகாலால பெருக்கினா பதினாறு வரணும்னு போட்டிருக்கு. வரதா, இல்லையா?"

"வரது."

"உம்ம கணக்குல பொய் இருக்கோ?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குக் கத்தறீர்? நான் சொன்னா யாரும் நம்பமாட்டா ஓய். ஆராவமுதன் கையெழுத்துன்னா ஆபீசுல மறுபேச்சே கிடையாது. அதனாலதான் உம்மை வச்சிருக்கோம்."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஆராவமுதன் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துச் சுவரில் வீசினார். அன்று பிற்பகலே அவரை ஆலையிலிருந்து வெளியேற்றினார்கள். காரணம், ஒழுங்கீனம். தம்ளர் உடைத்தது.

உணவு மையங்களை நடத்திய மேலிடத்து அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். பதில் இல்லை. நான்காவது முறை நேரில் போனபோது குமாஸ்தா ஒருவர், "உங்க சர்ட்டிபிகேட் எங்ககிட்ட பதினொண்ணு இருக்கு சார். எல்லாத்துலயும் பதினாறுக்கு மேல. இப்ப இல்லேங்கறீங்க. எந்த ஆராவமுதனை நம்பறது?" என்று கேட்டார். ஆராவமுதன் படியிறங்கி வந்து நடுத்தெருவில் நின்று ஒரு கட்டை வண்டிக்காரனைத் திட்டினார், எதற்கென்றே தெரியாமல்.

பிறகு ஒரு நாள் ஒரு பொட்டலம் துவரை மாவும், ஒரு கட்டுச் சிவப்பு லிட்மஸ் தாளும் எடுத்துக்கொண்டு கெங்கம்மாளின் குப்பத்துக்குப் போனார். பக்கத்து ஊர் ஆயாக்கள் நான்கைந்து பேரை அவள் கூட்டி வைத்திருந்தாள். சத்து மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு சிட்டிகை பச்சைத் துவரை மாவைப் போட்டு, மேலே ஈரத் தாளைப் பிடித்தார். தாள் நீலமாயிற்று.

"கடையில விக்குமா சார் இந்தக் காயிதம்?" என்று கெங்கம்மாள் கேட்டாள்.

"இங்க கிடைக்காது. பட்டணத்துலதான் வாங்கணும்."

அவள் உள்ளே போய், மஞ்சளை அரைத்து ஒரு வெள்ளைத் துணிக்கிழிசலில் தடவிக் கொண்டுவந்தாள். "சுண்ணாம்பு பட்டா மஞ்சா செவக்குதுல்ல. இதுக்கும் செவக்குதான்னு பாப்பம்." பாத்திரத்தின் மேல் விரித்துப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் துணியின் நடுவில் செம்மண் நிறம் படர்ந்தது.

முப்பது வருஷம் ரசாயனம் பார்த்தவர் லிட்மஸ் கட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அவருடைய கோபம் ஒரு நிமிடம் ஓய்ந்தது அன்று ஒரு தடவைதான்.

அடுத்த இரண்டு மாதமும் கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் என்று பஸ் போகும் ஊருக்கெல்லாம் போனார். பஸ் போகாத ஊருக்கு கெங்கம்மாள் நடந்துபோனாள். பொன்னேரியில் ஆயாக்களின் மாதாந்தரக் கூட்டம் நடந்த அன்று, பெரிய அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போது, வராந்தா நெடுகப் பத்தொன்பது பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. பத்தொன்பதும் சிவந்திருந்தன. நாற்றம் ஜீப் வரைக்கும் வந்தது.

"என்னம்மா இது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார் அவர்.

"சத்து மாவு சார்," என்றாள் கெங்கம்மாள். "ஒரு வாய் குடிச்சிப் பாரு. பதினாறு சதம் இருக்குது."

ஒப்பந்தம் ரத்தாயிற்று. விசாரணை வந்தது. சென்னையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி பொறுமையான மனிதர். ஆராவமுதன் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார், நடுநடுவே அவர் மேசையைக் குத்தியதையும் பொறுத்துக்கொண்டார். கடைசியில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தை அவரிடம் நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னார்.

ஆராவமுதன் நின்றுகொண்டே படித்தார். கடைசிப் பக்கத்தில், குற்றத்துக்குப் பொறுப்பானவர்கள் என்ற தலைப்பின் கீழே மூன்று பெயர்கள். ஆலை முதலாளி. மேலாளர் கிருஷ்ணஸ்வாமி. சரக்கறைப் பொறுப்பாளர்.

"ஒரு பேர் விட்டுப்போயிருக்கு," என்றார்.

"யார் சார்? நீங்க சொன்ன மூணு பேரையும் போட்டாச்சே."

"பேனாவைக் குடுங்கோ."

அதிகாரி கொடுத்தார். ஆராவமுதன் குனிந்து, மூன்றாவது பெயருக்குக் கீழே நான்கு என்று எண் போட்டு, தம் முழுப் பெயரையும், அதற்குப் பக்கத்தில் அந்தப் பதினொரு சான்றிதழ்களின் தேதிகளையும் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். "சார், சார், அது வேணாம், நீங்க சாட்சி," என்று அதிகாரி காகிதத்தைப் பிடித்து இழுத்தார். ஆராவமுதன் இடது கையால் அவருடைய கையை விலக்கிவிட்டு அடுத்த தேதியை எழுதினார். பேனா முள் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.